வெளியே தெரியாத ஸ்பீக்கர்

படிக்கிற கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்க அதையே தேடுகிற வயது நமக்கு வந்துவிட்டது. அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன். சின்னவர்களிடம் சொன்னால் கேசட் என்றால் என்ன, டெக் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்குள் சொல்ல வந்தது ஆறிப்போய்விடும்.

என் அம்மா போன வருஷம் இறந்துபோனாள். இருமல் மருந்தை ஒரு ஸ்பூன் கூடுதலாகக் கொடுத்து, பெற்ற பிள்ளையின் மூளையைத் தானே கெடுத்துவிட்டதாக நம்பிக்கொண்டே போனாள். அந்தப் பிள்ளை என் தம்பி. நாற்பதைத் தாண்டிவிட்டான். இன்றைக்கும் அவனுக்குச் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். மூன்று வயதில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவன், ஒரு மழைக்காலத்தோடு ஏழெட்டு வார்த்தைகளில் நின்றுவிட்டான். மருந்துதான் காரணம் என்று இவ்வளவு காலமும் நானும் நினைத்திருந்தேன். இந்த மழையில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் அப்பா காரில் செய்த ஒரு தட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்போதும் சிட்லபாக்கத்தில் இதே வீடுதான். ஏரி மட்டும் இப்போதைவிட அகலம். மழை பிடித்துவிட்டால் தவளைச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. அப்பாவுக்கு ஒரு தொழிற்சாலையின் டிராயிங் ஆபீஸில் வேலை. அம்மா குரோம்பேட்டையில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற நாளெல்லாம் ஓட்டம். அந்த வீட்டின் ஒரே ஆடம்பரம் ஒரு பழைய கார். அதன் பேர் வேண்டாம், அடையாளம் சொன்னாலே உங்களுக்குத் தெரியும். கியர் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே துருத்திக்கொண்டிருக்கும். டிக்கி தனியாகப் பின்னால் நீண்டிருக்கும். முன் கதவுகளில் காற்றுக்கென்று ஒரு சின்ன முக்கோணக் கண்ணாடி இருக்கும். அந்த முக்கோணக் கண்ணாடியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்குத் தூக்கமே கிடையாது. மழைக்காலம் வந்தால் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு மூச்சு கரகரக்கும். அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருப்பாள். அவனோ தோளில் கிடந்தபடி 'ஏன்?' என்று ஆரம்பிப்பான். ஏன் மழை, ஏன் தவளை, ஏன் அக்காவுக்கு மட்டும் ரெட்டைப் பின்னல். பதில் சொன்னால் அதற்கும் ஒரு ஏன். அம்மா கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்து, நோட்டுத் திருத்திக்கொண்டே தூங்கி விழுவாள்.

ஒருநாள் சாயங்காலம் தாம்பரம் சானடோரியம் வரை காரில் போய்த் திரும்புவதற்குள் பையன் பின் சீட்டில் அயர்ந்து தூங்கிவிட்டான். டெக்கில் மெதுவாக ஏதோ கீர்த்தனை ஓடிக்கொண்டிருந்தது. வண்டி ஆட்டத்தில் தூங்கினானா, பாட்டில் தூங்கினானா என்று வீட்டில் பேச்சு வந்தது. அப்பாவுக்கு அதில் சந்தேகமே இல்லை.

"பாட்டுதான். முன்னாடி இருக்கற ஓட்ட ஸ்பீக்கர்லயே தூங்கறான்னா, பின்னாடி நல்லதா ரெண்டு வெச்சா எப்படித் தூங்குவான், பாரு" என்றார்.

பிள்ளை தூங்க வேண்டும் என்ற ஆசையில்தான் அது ஆரம்பித்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் கோபப்படும்போது நீங்கள் இதை மறந்துவிடக் கூடாது.

பின் சீட்டுக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு தட்டு இருக்குமே, பார்சல் ட்ரே என்பார்களே, அதில் ஸ்பீக்கர் வைப்பது அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததுதான். கறுப்புப் பெட்டி இரண்டு கண்ணாடி வழியாக முறைத்துக்கொண்டிருக்கும். ஆனால் அப்பாவின் நண்பர் ஒருவருக்குத் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் பின் கண்ணாடியை உடைத்து இரண்டையும் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். அதனால் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார்.

"வெளிய பாத்தா ஒண்ணும் தெரியக்கூடாது."

இதை அவர் அந்த ஐப்பசி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அட்டையை வெட்டி அளவு பார்த்தபோது சொன்னார். அந்த அட்டையைப் பிளைவுட்டில் வைத்துக் கோடு போட்டபோது சொன்னார். ஆபீஸில் படம் வரைகிற கை அல்லவா, பென்சில் கோடு மயிரிழை பிசகாது. பலகையில் முட்டை வடிவத்தில் இரண்டு ஓட்டைகளைக் கீறி, ரம்பத்தால் அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். மரத்தூள் அவர் புருவத்திலெல்லாம் ஒட்டியிருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

பலகைக்கு அடியில் காரின் சொந்தத் தகரம் இருந்தது. ஸ்பீக்கரின் பின்பக்கம் இறங்க வேண்டுமானால் அதையும் வெட்டியாக வேண்டும். துளை போட்டு, தகரக் கத்தரியால் நறநறவென்று வெட்டினார். அந்தச் சத்தத்துக்கு எனக்குப் பல் கூசியது. அம்மா வாசலுக்கே வந்துவிட்டாள்.

"என்னங்க, வண்டியையே அறுக்கறீங்க?"

"டிக்கி மொத்தத்தையும் ஒரு பெட்டியா மாத்தறேன். உள்ள காத்து போய் வந்தாத்தான் பேஸ் வரும். கோயில் மணி மாதிரி நெஞ்சுல வந்து விழும், பாரு."

அதற்காக இரண்டு ஓட்டைகளுக்கு நடுவில் நீளவாட்டில் மூன்றாவதாக ஒரு திறப்பும் வெட்டினார். எல்லாவற்றுக்கும் மேலே ரப்பர் பசை தடவி, காற்று தாராளமாகப் போய்வரும் சாம்பல் நிற மெல்லிய துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டினார். பசை வாசனை நாள்கணக்கில் வண்டிக்குள் கிடந்தது. வேலை முடிந்த பிறகு பின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் துணி போட்ட ஒரு தட்டு மட்டும்தான் தெரியும். அதற்கு அடியில் டிக்கியின் இருட்டு இருந்தது.

அந்த டிக்கியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அப்பா உள்ளே குனிந்து ஒயர் இழுத்துக்கொண்டிருந்தபோது நான் டிக்கி விளிம்பில் உட்கார்ந்து என் சென்ட் ரப்பரை முகர்ந்துகொண்டிருந்தேன். ஸ்ட்ராபெரி வாசனை, மேலே ஒரு பொம்மை முகம். கைதவறி டிக்கிக்குள் விழுந்து மூலைக்கு உருண்டது. எட்டிப் பார்த்தால் ரப்பரைக் காணோம், அந்த மூலையில் வெளிச்சம் தெரிகிறது. துருப்பிடித்துத் தகரம் அப்படியே உதிர்ந்துபோயிருந்தது. ரப்பர் காருக்கு அடியில், சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் மண்ணில் கிடந்தது. எடுத்து வந்து அப்பாவிடம் காட்டினேன்.

"அப்பா, டிக்கில ஓட்ட இருக்கு."

"பழைய வண்டி பாப்பா, இருக்கத்தான் செய்யும்" என்று சொல்லி அதன்மேல் ஒரு கோணிச்சாக்கை மடித்துப் போட்டார்.

சைலன்சரும் தீபாவளியிலிருந்தே படபடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அம்மா இரண்டு தரம் சொல்லிவிட்டாள். "கிறிஸ்மஸ் லீவுல மாத்திக்கலாம்" என்றார் அப்பா. ஸ்பீக்கர் மாட்டி முதல் தரம் பாட்டுப் போட்டபோது அவரே சிரித்துக்கொண்டு, "இப்போ கேக்குதா சைலன்சர் சத்தம்?" என்றார். உண்மையிலேயே கேட்கவில்லை. நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

முதல் சவாரி ஒரு வெற்றி ஊர்வலம். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்குள் தலையை நீட்டினார்.

"இன்னா சார், பொட்டியும் காணோம், ஒண்ணியும் காணோம், பாட்டு எங்கேர்ந்து வந்துகினு கீது?"

"கண்டுபுடிங்க பாப்போம்" என்றார் அப்பா. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

தம்பி தூங்கினான். குரோம்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டுவதற்குள் கண் சொருகிவிடும். தலையணை வைத்துப் பின் சீட்டில் படுக்கவைத்திருப்போம், அந்தத் தட்டுக்கு நேர் கீழே. ஆழ்ந்த தூக்கம். வீட்டுக்கு வந்து தூக்கிப்போனாலும் எழுந்திருக்க மாட்டான். கன்னமும் உதடும் சிவந்திருக்கும். "பாருங்க, தூங்கினதும் முகத்துல எப்படி ரத்தம் ஓடுது" என்று அம்மா உருகிப்போவாள். தினமும் சாயங்காலம் அப்பா வண்டியை எடுத்துவிடுவார்.

எனக்குத்தான் பிடிக்கவில்லை. வண்டியில் ஏறிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் நெற்றியைச் சுற்றி ஈரத்துணியை இறுக்கிக் கட்டியதுபோல் ஒரு வலி வரும். வாயில் காசைச் சப்பினால் வருமே, அந்த ருசி. வயிற்றைப் புரட்டும். கண்ணாடியை இறக்கப் போனால் அப்பா முன்னாலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்.

"ஜன்னல ஏத்து பாப்பா. பாட்டு வெளிய போயிடும்."

மழை வேறு. துணி நனைந்துவிடும் என்று அதற்கும் பயம். ஏற்றிவிடுவேன்.

பொழிச்சலூரில் பெரியம்மா வீடு. அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. பல்லாவரம், பம்மல் வழியாக ஒவ்வொரு ஞாயிறும் அங்கே போவோம். போய் இறங்கி, வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் எனக்கு வலி விட்டுவிடும். பெரியம்மா வைத்த முறுக்கைத் தின்ன ஆரம்பித்துவிடுவேன். அதுதான் வினையாகிப்போனது.

"பாத்தியாடி, கார்ல இருக்கற வரைக்கும் தல வலி, எறங்கினா முறுக்கு. தம்பிக்காக அப்பா செஞ்சார்ல, அதான் பொறாம" என்றாள் பெரியம்மா.

"கண்ணு பவரா இருக்குமோ?" என்றாள் அம்மா. குரோம்பேட்டையில் கண் பரிசோதனை நடந்து, மூக்கில் ஒரு கண்ணாடி ஏறியது. பவர் ஒன்றும் பெரிதாக இல்லை, போட்டால் நல்லது என்றார்களாம். அந்தக் கண்ணாடியோடு அந்த வருஷ ஸ்கூல் போட்டோவில் நான் ஆந்தை மாதிரி முழித்துக்கொண்டு நிற்பேன். அம்மாவுக்கும் காரில் தலை வலித்தது. அவள் அதை நோட்டுத் திருத்துவதன் கணக்கில் எழுதிவிட்டாள். இரண்டு பேருக்கு ஒரே இடத்தில் ஒரே வலி. படித்த வீடு. யாருக்கும் தோன்றவில்லை.

கிறிஸ்மஸுக்கு முந்தைய ஞாயிறு. பெரியம்மாவும் அம்மாவும் சேர்ந்து கிறிஸ்மஸ் பலகாரமான கல்கல் செய்வதாக ஏற்பாடு. பிசைந்த மாவு தூக்குவாளியில் அம்மா மடியில் இருந்தது. தம்பிக்கு இருமல் அதிகம். "அங்க போயி மாவு வேலைல கைய வுட்டா இவன யாரு பாக்கறது, நல்லாத் தூங்கட்டும்" என்று அம்மா வழக்கமான ஒரு ஸ்பூனுக்கு மேல் இன்னொரு ஸ்பூன் மருந்தை ஊற்றினாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தம்பி முகத்தைச் சுளித்துக்கொண்டு "ஏன் கசக்குது?" என்றான்.

அவன் ஒழுங்காகக் கேட்ட கடைசி ஏன் அதுதான்.

மத்தியானமே வானம் இருட்டிக்கொண்டு கொட்டியது. கண்ணாடியெல்லாம் ஏற்றியாயிற்று. குரோம்பேட்டை கேட் மூடியிருந்தது. முன்னால் பஸ், பின்னால் லாரி. ஒரு ரயில் போனது, கேட் திறக்கவில்லை. எதிர்ப்பக்கம் இன்னொன்று போனது, அப்போதும் திறக்கவில்லை. ஸ்பீக்கருக்கென்று புதிதாக ஆம்ப்ளிஃபையர் வைத்ததிலிருந்து பேட்டரி இறங்கிப்போயிருந்தது. நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது என்று அப்பா இன்ஜினை அணைக்கவில்லை. பாட்டையும் அணைக்கவில்லை. முன் கண்ணாடியில் படிந்த ஆவி கலையட்டும் என்று தன் பக்கத்து முக்கோணக் கண்ணாடியை மட்டும் விரலளவு திறந்துவைத்திருந்தார். முன்னால் இருந்த இரண்டு பேருக்கும் அந்த விரலளவு காற்று கிடைத்தது.

பின்னால் நான் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தேன். கையைத் தூக்க வேண்டும் என்று நினைக்கிறேன், கை வரவில்லை. பயம்கூட இல்லை. பாட்டு மட்டும் தொலைவுக்குப் போய்க்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் அந்தத் தட்டு தடதடவென்று அதிர்ந்தது.

அப்பா பக்கத்துக் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு வேர்க்கடலைக்காரர்.

"வேணாம்பா" என்று அப்பா கையை ஆட்டினார்.

அவர் போகவில்லை. மறுபடி தட்டினார். "கடல இல்ல சார். பின்னாடி பாரு. கொயந்த தல தொங்கிகினு கீது, பாரு சார்."

"தூங்கறான்பா" என்றார் அப்பா, கண்ணாடியை இறக்காமலே.

கடலைக்காரர் அதற்குமேல் கேட்கவில்லை. என் பக்கம் வந்து கதவைத் திறந்துவிட்டார். சாய்ந்திருந்த நான் பாதி வெளியே விழுந்தேன், அவர் காலிலேயே வாந்தி எடுத்தேன். மழை முகத்தில் அறைந்தது. "யோவ், யாரக் கேட்டுய்யா கதவத் தொறந்த?" என்று அப்பா கத்திக்கொண்டே இறங்கினார். கடலைக்காரர் என்னைத் தாங்கிப் பிடித்தபடி, "என்ன வுடு சார், அந்தப் புள்ளைய எடு" என்றார். அப்பா தம்பியைத் தூக்கினார். பிள்ளை துணி மாதிரி தொங்கினான். அம்மா போட்ட அலறலில் தூக்குவாளி உருண்டு, மாவு முழுக்க மழைத்தண்ணீரில் போனது. பாட்டு அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பக்கத்திலேயே ஒரு நர்சிங் ஹோம். டாக்டர் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா குடுத்தீங்க?" என்று கேட்டார்.

"இருமல் மருந்து டாக்டர். ஒரு ஸ்பூன்... இன்னிக்கு ரெண்டு."

"மூணு வயசுப் புள்ளைக்கா? அது தூக்க மருந்து மாதிரி வேல செய்யும்னு தெரியாதா? டீச்சர்னு சொல்றீங்க!"

அம்மா அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். அந்த நிமிஷம் முடிவானது, அதன் பிறகு வேறு எதையும் யாரும் தேடவில்லை. அப்பாவுக்கும் அப்போது ஒன்றும் தெரிந்திருக்காது என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். என்னை யாரும் பார்க்கவில்லை. கார் ஒத்துக்கொள்ளாத பிள்ளை, வாந்தி எடுத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

தம்பி பிழைத்தான். கண் விழித்தபோது அவன் பார்வை எங்களைத் தாண்டி எங்கேயோ போயிற்று.

அம்மா அவனோடு நர்சிங் ஹோமிலேயே இருந்த நாட்களில் நானும் அப்பாவும் மட்டும் வீட்டில். ஒரு காலை, மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. அப்பா மூலைக்கடைக்குப் போய் ஒரு கட்டு ஊதுபத்தி வாங்கிவந்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் சபையில் ஊதுபத்தி கொளுத்துகிற பழக்கமே கிடையாது. மெழுகுவத்தியையே கரண்ட் போனால்தான் ஏற்றுவோம். அவர் கட்டு மொத்தத்தையும் கொளுத்தி, ஒரு டம்ளர் மண்ணில் குத்தி, டிக்கிக்குள் வைத்து மூடினார். பிறகு கார் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டுப் பின் சீட்டில் போய் உட்கார்ந்தார், தம்பி படுத்திருந்த இடத்தில்.

நான் வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் தலைக்குப் பின்னால் அந்தச் சாம்பல் துணியிலிருந்து மெல்லிசாகப் புகை எழும்பியது. முதலில் இரண்டு ஸ்பீக்கர் இருந்த இடத்திலும், அப்புறம் நடுவிலும். அப்பா திரும்பி அதைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் ஜெபம் செய்கிறார் என்று நினைத்து நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

வெளியே வந்தவர் காருக்குப் பின்னால், சைலன்சருக்குப் பக்கத்தில், மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். வேட்டியெல்லாம் சேறு. நான் பக்கத்தில் போனபோது என்னைத் தெரியாதவரைப்போல் பார்த்தார்.

அன்று சாயங்காலத்துக்குள் ஸ்பீக்கர் கழன்றது. தகரத்தில் வெட்டிய மூன்று திறப்பையும் புதுத் தகரம் வைத்து மூடி, ஓரமெல்லாம் கார் பட்டி பூசி, விரலால் அழுத்தி அழுத்தி அடைத்தார். டிக்கி மூலை ஓட்டையையும் அடைத்தார். மறுநாள் புது சைலன்சர் வந்தது. அந்தப் பிளைவுட் தட்டைச் சுத்தியலால் உடைத்து வெந்நீர் அடுப்பில் வைத்தார். துணியும் பசையுமாக எரிந்த நாற்றத்தில் கொல்லைப்புறம் நிற்க முடியவில்லை. பாட்டே வேண்டாம் என்று வெறுத்துவிட்டார் என்று நினைத்தேன். பொங்கலுக்கு முன் வண்டியையும் விற்றாயிற்று.

ஊதுபத்தி விஷயத்தை நான் அம்மாவிடம் சொன்னேன். அவள் அழுதாள்.

"பாவம் மனுஷன். புள்ளைக்காக எந்த சாமிகிட்டயெல்லாமோ கையேந்தறார். நீ யார்கிட்டயும் சொல்லாத" என்றாள்.

அம்மா வேலையை விட்டாள். தம்பிக்குச் சோறு ஊட்டி, கால் பிடித்துவிட்டு, எழுத்துப் பலகையில் 'அ' போடவைத்து, அவன் அதை எச்சிலால் அழிக்க மறுபடி போடவைத்து, ஆயுசு முழுக்க அதையே செய்தாள். எங்களுக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரையைக் கையில் தொட மாட்டாள், அப்பாதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். தம்பியின் ஒவ்வொரு பிறந்தநாளிலும் ஜெபத்தில் "என் கையாலே செய்த பாவம்" என்று சொல்லி விம்முவாள். அப்பா பக்கத்தில் முழங்காலில் இருப்பார். "விடு. அதெல்லாம் இப்ப எதுக்கு" என்பார். அவ்வளவுதான் சொல்வார்.

சாகிறதற்கு முன் அம்மா என்னிடம் சொன்னது இது. "அவர் எடத்துல வேற ஒருத்தர் இருந்தா என்னைத் தொரத்தியிருப்பார். உங்கப்பா ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த, என்னைக் குத்திக்காட்டினதில்ல. அவர நல்லாப் பாத்துக்கோ."

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த ஐப்பசியில் அப்பா குளியலறையில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நினைவும் முன்னே பின்னே போய்வருகிறது. சில சமயம் அம்மா உள்ளே சமைத்துக்கொண்டிருப்பதாக நினைத்துக் காபி கேட்கிறார். அவருக்கென்று தலைப்பக்கம் தூக்குகிற கட்டில் ஒன்றைத் தாம்பரத்தில் வாடகைக்கு எடுத்தேன். மடித்துக் காரில் ஏற்றினால் பாதிதான் உள்ளே போகிறது. பின் சீட்டைச் சாய்த்து, கால்களை உள்ளே நுழைத்து, டிக்கிக் கதவைத் திறந்தபடி கயிற்றால் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். பக்கத்து சீட்டில் தம்பி. நல்ல மழை, கண்ணாடியெல்லாம் மூடியிருந்தது.

சானடோரியத்துக்கு முன்னால் டிராஃபிக் நின்றுவிட்டது. நின்றால் நின்றதுதான், நகரவில்லை. நெற்றியைச் சுற்றி ஈரத்துணியை இறுக்கியதுபோல் வலி ஆரம்பித்தது. வாயில் காசு ருசி. அவ்வளவு வருஷம் கழித்தும் என் உடம்புக்கு அது தெரிந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். தம்பி தலை தொங்கித் தூங்கிக்கொண்டிருந்தான்.

நான் கத்திய கத்தலில் பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டேன். மழை உள்ளே கொட்டியது. தம்பி விழித்துக்கொண்டு நனைந்த கையை நக்கிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டிக்கி திறந்திருக்கிறது, சைலன்சர் புகையிலிருக்கிற நிறமும் மணமும் இல்லாத விஷவாயு உள்ளே வருகிறது. இவ்வளவுதான் விஷயம். அடுத்தபடியாக அந்த ஊதுபத்திக் கட்டு ஞாபகத்துக்கு வந்தது. பின்னாளில் வெந்நீர் அடுப்பின் புகைபோக்கி ஒழுகுகிறதா என்று பார்க்க அப்பா ஊதுபத்தியைத்தான் பக்கத்தில் காட்டுவார். ஜெபமாவது, மண்ணாவது. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன், பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்.

கட்டிலைப் போட்டு அப்பாவைப் படுக்கவைத்தேன். தலைப்பக்கம் தூக்கிவிட்டேன். சுத்தமாகச் சவரம் செய்த, நல்ல மனிதரின் முகம். சர்ச்சில் எல்லாரும் எழுந்து நின்று மரியாதை கொடுக்கிற முகம். அதைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது, அப்படி இருந்ததற்கு அழுகையாகவும் வந்தது. தம்பி தரையில் உட்கார்ந்து கட்டிலின் இரும்புக் காலைத் தடவிக்கொண்டிருந்தான். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"அப்பா, அன்னிக்கு டிக்கில ஊதுபத்தி கொளுத்தி வெச்சீங்களே... ஞாபகம் இருக்கா?"

காபி குடித்தோமா இல்லையா என்பதே தெரியாதவருக்கு அது தெரிந்திருந்தது. கண் என்மேல் நிலைத்து நின்றது.

"பொக உள்ள வந்துச்சா?"

அவர் தம்பியைப் பார்த்தார்.

"வந்துச்சு பாப்பா" என்றார்.

பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார். அந்தக் கையில் இன்னும் அவ்வளவு பலம் இருந்தது. இருட்டிக் கிடந்த சமையலறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அம்மாகிட்ட சொல்லிடாத."